கால்மெட் கண்ட கிருமியும் காணாத காரணமும்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

நம்முள் பலருடைய இடது தோளில் சிறு வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். பிறந்த சில நாட்களில் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பு ஊசியின் அடையாளம் அது. பாக்டீரியா பற்றிய பாடம் நடந்தபோது இந்த மூன்றெழுத்தின் விரிவை எழுதிக்கொண்டோம். பேசிலஸ் கால்மெட் கெரின் என்பது விரிவு. முதற்சொல் கோல் வடிவக் கிருமியைக் குறிக்கும். மற்ற இரண்டும் மனிதர்களின் பெயர்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் பெற இது போதும். ஆயினும் கோடிக்கணக்கானோர் தோளில் தம் முத்திரையைப் பதித்துச் சென்ற கால்மெட் என்பவர் யார் என்று அறிய விழைந்தேன். நூலகத்தில் தேடிப் படித்தேன். அவருடைய வெற்றிகள் வியப்பூட்டின. அவற்றினும் மேலாக, அவர் வாழ்நாளில் விடை காண முடியாமற்போன ஒரு வினா என் நெஞ்சில் தங்கிவிட்டது. ஒரே கிருமி பல குழந்தைகளின் உடலில் புகுகிறது. ஒரு குழந்தை மடிகிறது, மற்றொன்று பிழைக்கிறது. ஏன்? அந்த வினாவின் வழியே அவர் வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

இளமையும் கடல் வாழ்வும்

ஆல்பெர்ட் கால்மெட் 1863ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் தென்கரையில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். 1881இல் பிரெஸ்ட் நகரிலிருந்த கடற்படை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடியுமுன்னரே கப்பலேறிச் சீனக் கடற்பகுதிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவைப் பற்றி ஆராய்ந்து 1886இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார்.

அங்கிருந்து வட அட்லாண்டிக் கடலில் உள்ள சான் பியேர், மிக்கெலோன் என்னும் சிறு தீவுகளுக்கு மாற்றலானார். அத்தீவினருக்கு மீன்பிடித் தொழிலே வாழ்வு. உப்பிட்டு வைத்த காட் மீன் சிவந்து கெட்டுப் போவது அவர்களுக்குப் பெரிய நட்டம். கால்மெட் அக்கேட்டுக்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்து, தடுக்கும் வழியையும் சொன்னார். மருத்துவர் ஒருவர் கருவாட்டை ஆராய்வதா என்று அவர் ஒதுங்கவில்லை. கண்ணெதிரே மக்கள் படும் துன்பம் எதுவோ அதுவே அவருக்கு ஆய்வுப் பொருள். அவர் வாழ்க்கை முழுவதும் இப்பண்பைக் காணலாம்.

நாகமும் விரியனும்

1890இல் பாரிசுக்குத் திரும்பிய அவர் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார். பாஸ்டர் நிலையத்தின் கிளையொன்றை வியட்நாமிலுள்ள சைகோன் நகரில் தொடங்கும் பொறுப்பு 1891இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது 28. எருமைக் கன்றுகளைக் கொண்டு அம்மைப்பால் தயாரித்து, பெரியம்மைத் தடுப்புப் பணியை அங்கே பரப்பினார். வெறிநாய்க்கடிக்கும் சிகிச்சையளித்தார்.

அவ்வாண்டு மழை வெள்ளத்தில் ஒரு சிற்றூருக்குள் நாகப்பாம்புகள் புகுந்து 40 பேரைக் கடித்தன, நால்வர் இறந்தனர். அங்கே பிடிபட்ட பாம்புகள் பீப்பாயில் அடைக்கப்பட்டுக் கால்மெட்டிடம் வந்து சேர்ந்தன. அவர் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டாவதை ஆராயத் தொடங்கினார். பாரிசுக்குத் திரும்பிய பின் 1894இல் பாம்புக்கடிக்கான சீரத்தை உலகுக்கு அறிவித்தார். ஃபிசாலிக்ஸ், பெர்த்ரான் என்னும் இருவரும் அதே ஆண்டில் அதே முடிவை வெளியிட்டனர்.

நாகத்தின் நஞ்சுக்கு ஆக்கிய சீரம் எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என்று கால்மெட் நம்பினார். அது சரியன்று. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப், நாகத்தின் சீரம் கண்ணாடி விரியன் கடிக்குப் பயன்படாது என்று காட்டினார். பிரேசில் நாட்டில் விட்டால் பிரேசில் என்னும் மருத்துவர், அந்நாட்டுப் பாம்புகளுக்குத் தனிச் சீரமே வேண்டும் என்று நிறுவினார். நஞ்சு என்ற பெயர் ஒன்றாயினும் அதன் இயல்பு பாம்புக்குப் பாம்பு வேறு. நோயின் செய்தியிலும் இத்தகைய வேறுபாடு ஒன்று ஒளிந்திருந்தது. அங்கே வேறுபட்டது நோயுறும் மனித உடல். அதை உலகம் அறிய மேலும் நூறாண்டு ஆயிற்று.

பரம்பரை நோய் என்ற பழி

1895இல் வட பிரான்சின் லீல் நகரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்திற்குக் கால்மெட் இயக்குநரானார். லீல் ஒரு நெசவாலை நகரம். காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. காசநோய் அங்கே வீடு வீடாகப் புகுந்து ஆட்களைத் தின்றது.

காசநோயின் கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்திருந்தார். அதற்கு முன் ஐரோப்பாவில் பலர் அதைக் குடும்ப நோய் என்றே கருதினர். தந்தைக்கு வந்தால் மகனுக்கு வரும். அது இரத்தத்தில் ஊறியது. தப்ப வழியில்லை என்பது அவர்கள் எண்ணம். கிருமியைக் கண்ணால் கண்ட பின்னும் அந்த எண்ணம் எளிதில் அகலவில்லை.

நம் நாட்டிலும் இது புதிதன்று. என் பாட்டனாரின் தம்பி சயரோகத்தால் இறந்தவர். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வரன் பேச வந்தவர்கள் அந்தச் செய்தியைத் தோண்டித் துருவிக் கேட்டார்களாம். நிச்சயதாம்பூலம் வரை வந்த ஒரு சம்பந்தம் அதனால் நின்றுபோயிற்று என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோய் ஒருவரைக் கொன்றது. பழி குடும்பம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

கால்மெட் இப்பழிக்கு எதிராக நின்றார். காசநோய் தொற்றினால் வருவது. தாயின் கருவிலிருந்து வருவதன்று. ஆகவே தொற்றைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1901இல் லீல் நகரில் தொழிலாளருக்கென ஒரு காசநோய்த் தடுப்பு நிலையத்தைத் திறந்தார். நோயாளியை வரவழைத்து மருந்து கொடுப்பதோடு அதன் வேலை முடியவில்லை. நிலையத்தின் பணியாளர் வீடுகளுக்கே சென்றனர், துப்புரவைக் கற்பித்தனர், தொற்றிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தனர்.

பதின்மூன்று ஆண்டுத் தவம்

பிறந்த குழந்தையைத் தொற்றிலிருந்து காப்பதற்குச் சிறந்த வழி, வலுவிழந்த கிருமியை முன்கூட்டியே உடலுக்கு அறிமுகப்படுத்துவது என்று கால்மெட் எண்ணினார். அவருக்குத் துணையாக அமைந்தவர் காமில் கெரின் என்னும் கால்நடை மருத்துவர். 1902இல் நோக்கார் என்பவர் ஒரு பசுவின் மடியிலிருந்து பிரித்தெடுத்த காசநோய்க் கிருமி அவர்கள் கையில் இருந்தது.

அக்கிருமியைக் கிளிசரின் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தபோது அது கட்டி கட்டியாகத் திரண்டது. அதைப் பிரிப்பதற்காக மாட்டின் பித்தநீரைச் சேர்த்தார்கள். அவ்வாறு வளர்ந்த கிருமி சற்றே வலுக் குன்றியிருப்பதைத் தற்செயலாகக் கண்டார்கள். 1908இல் அவர்களுடைய தவம் தொடங்கியது. மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கிருமியைப் புதிய உருளைக்கிழங்குக்கு மாற்றுவது, வளரவிடுவது, மீண்டும் மாற்றுவது. இவ்வாறு 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றினார்கள்.

அந்த ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1914 மார்ச்சில் கால்மெட்டின் உடன்பிறந்தார் காஸ்தோன், ல ஃபிகாரோ நாளிதழின் ஆசிரியர், தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அன்றைய நிதியமைச்சரின் மனைவி. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. லீல் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. கால்மெட் நகரை விட்டு வெளியேறவில்லை. உருளைக்கிழங்கு விலையேறிற்று, பித்தநீர் கிடைப்பது அரிதாயிற்று. எனினும் கிருமியின் வரிசை அறுபடவில்லை. ஒரு முறை தவறியிருந்தால் பல ஆண்டு உழைப்பு வீணாகியிருக்கும். வகுப்பில் ஒரு சோதனை தவறினால் மறுநாள் செய்துகொள்ளலாம் என்றிருக்கும் நமக்கு இந்தப் பொறுமை ஒரு பாடம்.

இறுதியில் அக்கிருமி கன்று, முயல், சீமைப்பெருச்சாளி எதற்கும் காசநோயை உண்டாக்காத நிலையை அடைந்தது. 1919இல் கால்மெட் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் துணை இயக்குநரானார். 1921 ஜூலையில் பாரிசின் ஷாரித்தே மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக அந்த மருந்து வாய்வழியே புகட்டப்பட்டது. குழந்தையின் தாய் மகப்பேற்றுக்குப் பின் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்கவிருந்த பாட்டிக்கும் அதே நோய். அந்தக் குழந்தை நோயின்றி வளர்ந்தது. பரம்பரையாக வரும் நோய் என்ற எண்ணத்திற்கு அதைவிடச் சிறந்த மறுமொழி வேறென்ன வேண்டும்? 1928க்குள் பிரெஞ்சு நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பி.சி.ஜி. பெற்றனர்.

லூபெக் நகரின் துயரம்

1930ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஜெர்மனியின் லூபெக் நகரில் பிறந்த குழந்தைகளுக்கு இம்மருந்து புகட்டப்படலாயிற்று. மூலக்கிருமி பாரிசிலிருந்து சென்றது. மருந்தாக ஆக்கியது அந்நகர மருத்துவமனையின் ஆய்வகம். சில வாரங்களில் குழந்தைகள் நோயுறத் தொடங்கினர். மருந்து பெற்ற 251 குழந்தைகளில் 72 பேர் காசநோயால் இறந்தனர்.

ஐரோப்பா முழுவதும் கால்மெட்டின் பெயர் பழிக்கப்பட்டது. வலுவிழந்த கிருமி மீண்டும் வலுப்பெற்றுவிட்டது என்று பேசினார்கள். நீண்ட ஆய்வு நடந்தது, வழக்கும் நடந்தது. அதே ஆய்வகத்தில் வைத்திருந்த, கீல் நகரிலிருந்து வந்த வீரியமிக்க காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துவிட்டது என்பது தெளிவாயிற்று. மருந்தை விலங்குகளில் சோதித்துப் பார்க்காமலே குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தனர். 1932இல் அங்கிருந்த மருத்துவர் இருவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பி.சி.ஜி. குற்றமற்றது என்று நிறுவப்பட்டது.

கால்மெட்டின் பெயர் துலங்கியது. ஆனால் மனம் ஆறவில்லை. இறந்த குழந்தைகளின் நினைவு அவரை வாட்டியது. 1933ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தம் 70ஆம் வயதில், பாரிசில் அவர் காலமானார்.

லூபெக்கின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. வீரியக் கிருமியை விழுங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் நோயுற்றும் பிழைத்துக்கொண்டனர். எல்லாக் குப்பிகளிலும் வீரியக் கிருமி ஒரே அளவில் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஆயினும் காசநோயைக் கிருமியின் கணக்கோடு மட்டும் முடித்துவிட முடியாது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் காசம் வந்தால் மற்றவருக்கும் வருவது, மற்ற இரட்டையரைவிட மிகுதி என்று 1940களில் கண்டார்கள். விதையை மட்டும் பார்த்தவர்கள் நிலத்தையும் பார்க்கத் தொடங்கினர்.

மறைந்த பின் கிடைத்த விடை

விடையைக் காட்டிக் கொடுத்தது கால்மெட்டின் சொந்தக் கிருமியே. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு எந்தக் கேடும் செய்யாத பி.சி.ஜி., மிக மிக அரிதாக ஒரு குழந்தையின் உடல் முழுவதும் பரவிக் கொன்றுவிடுகிறது. 1950களிலிருந்து இத்தகைய செய்திகள் வெளிவந்தன. இம்முறை மருந்தில் கலப்படம் இல்லை. குறை குழந்தையின் உடலில் இருந்தது. அவர்களுள் சிலருக்கு நோய் எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே முற்றிலும் இல்லை. வேறு சிலரோ மற்ற நோய்களைத் தாங்கினர். இந்த இனக் கிருமிகளிடம் மட்டும் தோற்றனர்.

1996இல் மரபணு ஆய்வு இப்புதிரை அவிழ்த்தது. உறவுமுறைத் திருமணம் செய்துகொண்ட துனீசியப் பெற்றோரின் குழந்தை ஒன்று பி.சி.ஜி.யால் இறந்திருந்தது. மால்டா நாட்டிலோ, மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய் இனத்தைச் சேர்ந்த எளிய கிருமிகளால் சில குழந்தைகள் மாண்டிருந்தனர். இரண்டு இடங்களிலும் குறை ஒரே மரபணுவில் இருந்தது. இண்டர்ஃபெரான் காமா என்னும் பொருளை ஏற்கும் வாங்கியை ஆக்கும் மரபணு அது.

இதை எளிமையாகச் சொல்லலாம். முன்பு நம் கிராமங்களில் தலையாரி இருந்தார். அவர் திருடனைப் பிடித்து அடைத்து வைப்பார். மேலிடத்துக்குச் சேதி அனுப்புவார். அங்கிருந்து உத்தரவு வந்த பின்னரே தண்டனை. நம் உடலில் மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணு அந்தத் தலையாரி. காசநோய்க் கிருமியை அது விழுங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் தானாகக் கொல்ல இயலாது. இண்டர்லூக்கின் 12 என்னும் சேதியை அனுப்புகிறது. சேதி பெற்ற வெள்ளணுக்கள் இண்டர்ஃபெரான் காமா என்னும் உத்தரவை அனுப்புகின்றன. அதைக் கேட்டவுடன் விழுங்கணு ஆற்றல் பெற்றுக் கிருமியைக் கொல்கிறது. சேதி போகாவிட்டாலும், போன சேதியை மேலிடம் பெறாவிட்டாலும், வந்த உத்தரவைக் கேட்கத் தலையாரிக்குக் காது இல்லாவிட்டாலும், திருடன் அடைத்த வீட்டிலேயே உண்டு கொழுப்பான். மால்டாக் குழந்தைகளிடமும் துனீசியக் குழந்தையிடமும் இல்லாதது அந்தக் காது. சேதியிலும் சேதி பெறுவதிலும் உள்ள குறைகள் 1998இல் கண்டறியப்பட்டன.

அறிந்ததனால் பயன் உண்டு. உத்தரவு பிறக்காத குழந்தைக்கு இண்டர்ஃபெரான் காமாவை ஊசியாகச் செலுத்தலாம். உரிய மருந்துகளும் சேர்ந்தால் பலர் பிழைக்கிறார்கள். காதே இல்லாத குழந்தைக்கு அந்த ஊசி பயன்படாது. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை ஒன்றே வழி.

நாம் அறிய வேண்டுவது

காசநோய் பரம்பரை நோயன்று என்று கால்மெட் வாதிட்டது சரியே. தொற்று இல்லாமல் காசநோய் இல்லை. காசநோயாளி உள்ள குடும்பத்தை மணவுறவுக்கு ஆகாதது என்று ஒதுக்குவது அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆனால் கிருமியைத் தாங்கும் ஆற்றல் மரபணுவின் வழியே வருகிறது. அதில் மிகச் சிலருக்குப் பிறவிக் குறை உண்டு. கிருமி வெளியிலிருந்து வருகிறது. தடுக்கும் ஆற்றல் உள்ளிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்தறிந்தால் பழி சொல்ல இடமில்லை.

இத்தகைய குறைகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரு பழுது மட்டும் உள்ள பெற்றோர் நலமாகவே இருப்பர். அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம் பக்கத்து வழக்கம். உறவுக்குள் மணந்தால் ஒரே பழுது இருபுறமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இருந்தாள். அவளை ராசியில்லாதவள் என்று சொல்லி மங்கல காரியங்களில் விலக்கி வைத்தார்கள். பிள்ளைகளை இழந்தவளிடம், அடுத்த பிள்ளையைக் காப்பதற்காகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முன் பிறந்த குழந்தை எந்த நோயால், எத்தனை மாதத்தில் இறந்தது என்பதே அது. அதைக் கேட்பவர் மருத்துவர். அவரிடம் மறைக்காமல் சொன்னால், அடுத்த குழந்தையைச் சோதித்த பின் பி.சி.ஜி. போடலாமா என்று அவர் முடிவு செய்வார்.

இதைக் காட்டித் தடுப்பு ஊசியே வேண்டாம் என்று எவரும் சொல்லலாகாது. 1955இல் மூதறிஞர் ராஜாஜி நலமாயுள்ளோர் உடலில் உயிருள்ள கிருமியைப் பெருமளவில் செலுத்துவதை எதிர்த்தார். பி.சி.ஜி.யின் பயனை அளந்து பார்க்கும் மாபெரும் ஆய்வு 1968இல் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று அந்த ஆய்வு காட்டிற்று. ஆனால் கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளையுறைக் காசத்திலிருந்தும், உடலெங்கும் பரவும் காசத்திலிருந்தும் அது காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். அந்தப் பிறவிக் குறையோ மிக மிக அரிது.

மாணவ நண்பர்களே, கால்மெட் ஒரு கிருமியை 230 முறை இடம் மாற்றி அதன் நச்சை அகற்றினார். அதே பொறுமையுடன் பின்வந்தோர் ஒரு குழந்தையின் மரணத்துக்குக் காரணம் தேடினர். விதி என்று சொல்லி ஒதுங்கவில்லை. நம்மில் பலர் நாளை ஆசிரியராகவோ, அலுவலராகவோ, பெற்றோராகவோ ஊர் திரும்புவோம். அங்கே சயம் வந்த குடும்பம் என்றும் ராசியில்லாதவள் என்றும் பழி சொல்லக் கேட்டால், வாய்மூடி இராமல், காரணத்தை எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. விலங்கியலும் தாவரவியலும் கற்றதன் பயன் அதுவே ஆகும்.